எந்தப் பன்னீர்செல்வம்?

ஆடிட் வேலையாக ஈரோடு போயிருந்தேன். டவுன் பஸ்ஸில் கண்டக்டர், "பன்னீர்செல்வம் பார்க் எல்லாம் இறங்கு!" என்று குரல் கொடுத்தார். நான் சும்மா இருக்கக்கூடாதா? பக்கத்து ஸீட் இளைஞரிடம், "எந்தப் பன்னீர்செல்வம் தம்பி?" என்றேன்.

"என்ன சார், மூணு தடவை சி.எம்.மா இருந்தாரே, தெரியாதா?"

தஞ்சாவூர்க்காரனுக்குச் சுருக்கென்றது. ஆனால், தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை. பி.காம். முடித்து வேலைக்கு அலைந்த நாளில், தாத்தா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இவர் சர் ஏ.டி.பன்னீர்செல்வம். 1888-ல் பிறந்த தஞ்சை ஜில்லா மிராசுதார். இங்கிலாந்து போய் பாரிஸ்டர் படித்தவர். ஜஸ்டிஸ் கட்சிப் பிரமுகர். வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர், சென்னை ராஜதானியின் உள்துறையைக் கவனித்தவர். பயோடேட்டா பிரமாதம்தான். என் தாத்தாவுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. அவருக்கு ஒரே விஷயம்தான்... சோறு!

தாத்தாவின் அப்பா குத்தகை விவசாயி. ஊரெல்லாம் நெல் விளையும். வீட்டுக் குதிர் மட்டும் காலி. எங்கள் பக்கத்தில் 'பண்ணை' என்றால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டிய இடம்.

பன்னீர்செல்வமும் பண்ணைதான். 1924-லிருந்து 1930 வரை தஞ்சாவூர் ஜில்லா போர்டு தலைவர். மராட்டிய ராஜாக்கள் விட்டுப்போன சத்திரங்களும், அவற்றின் நிலபுலன்களும் போர்டின் பொறுப்பில் இருந்தன. அந்தச் சத்திரச் சொத்திலிருந்து ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் பிராமணரல்லாத ஏழைப் பிள்ளைகள் தங்கிச் சாப்பிட்டுப் படிக்க விடுதிகள் வந்தன. திருவையாறு சமஸ்கிருதக் கல்லூரியில் தமிழும் பாடமாயிற்று.

புது வரி போடவில்லை. இருந்த பணத்தையே இல்லாதவன் பக்கம் திருப்பினார். காமர்ஸ் படித்தவனுக்கு இதன் ருசி தெரியும்.

தாத்தா ஒரத்தநாட்டு விடுதியில் படித்தவர். முதல் நாள் பந்தியில், "இன்னும் போடவா?" என்று கேட்டார்களாம். "அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லேடா" என்பார்.

அயர்லாந்தில் பார்னெல் என்று ஒருவர். அவரும் நிலச்சுவான்தார், ஆனால், 1879-ல் குத்தகைக்காரர்கள் சங்கத்துக்கே தலைவராகி விட்டார். நம்மவர் அவ்வளவு தூரம் போகவில்லை. தஞ்சாவூர்ப் பண்ணையாளுக்குச் சட்டப் பாதுகாப்பு 1952-ல்தான் கிடைத்தது. இந்தக் குறையைத் தாத்தாவிடம் ஒருநாள் சொன்னேன்.

"வாஸ்தவந்தாண்டா. நிலம் வரலே. சோறு வந்துச்சு. அது வந்ததாலதான் நான் வாத்தியார் ஆனேன், நீ உக்காந்து கணக்குக் கேக்குறே" என்றார்.

வாயைத் திறப்பேனா?

1940 மார்ச் 1. லண்டனில் இந்தியா மந்திரிக்கு ஆலோசகராகப் பதவி ஏற்கப் போய்க்கொண்டிருந்தார். 'ஹானிபால்' என்ற அந்த விமானம் ஓமன் வளைகுடாப் பக்கம் காணாமல் போனது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் போனார்கள். இன்றுவரை விமானமும் கிடைக்கவில்லை. அத்தனை நிலம் வைத்திருந்தவருக்கு ஆறடி மண் அமையவில்லை.

இத்தனையும் பஸ்ஸிலேயே அந்தத் தம்பிக்குச் சொன்னேன். "ஸாரி சார், இவ்வளவு நாளா தெரியாம இறங்கிட்டிருக்கேன்" என்றார். நல்ல பிள்ளை. பேச்சு சுவாரஸ்யத்தில் நானும் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

மதியம் மெஸ்ஸில் சப்ளையர் கேட்டார்: "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?"

வயிறு நிறைந்துதான் இருந்தது. இருந்தாலும் போடச் சொன்னேன்.