குளக்கரைப் பாதைக்குக் கணக்குக் கேட்பது யார்?

கோயமுத்தூர் உக்கடம் பெரியகுளத்தின் கரையில் இப்போது நடப்பதற்கு ஒரு பாதை இருக்கிறது. வாலாங்குளத்தின் கரையிலும் இருக்கிறது. விளக்குக் கம்பங்கள், சிமெண்ட் பெஞ்சுகள், கைப்பிடிக் கம்பிகள், படம் பிடித்துக்கொள்ள அலங்கார வளைவுகள் எல்லாம் உண்டு. இதைப் பார்த்துவிட்டுச் சில தோழர்கள், "நல்ல காரியம்தானே நடந்திருக்கிறது? இதில் நாம் பேச என்ன இருக்கிறது? கூலி, பஞ்சப்படி, ரேஷன் இவற்றையல்லவா பேச வேண்டும்?" என்கிறார்கள்.

பேசத்தான் வேண்டும், தோழர்களே! பங்களாவில் இருப்பவனுக்கு வாசலிலேயே தோட்டம் இருக்கிறது. லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கும் குடும்பத்துக்கு ஊர்ப் பொதுவெளிதான் முற்றம். குழந்தை ஓடியாடுவதும், கிழவர் காற்று வாங்குவதும், சங்கக் கூட்டம் போடுவதும் அங்கேதான். பஞ்சுத் தூசியை எட்டு மணி நேரம் சுவாசித்துவிட்டு வருகிறவனுக்குத் திறந்தவெளி என்பது சொகுசு அல்ல. ஆகவே, நடைபாதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பொது நிலத்தில், பொதுப் பணத்தில் ஒரு வேலை நடந்தால், அதை மேற்பார்வை செய்தது யார், கணக்கு யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்றுதான் கேட்கிறோம்.

இந்தக் குளங்கள் நேற்று தோண்டியவை அல்ல. நொய்யலில் தடுப்பணை கட்டி, வாய்க்கால் வெட்டி, ஒரு குளம் நிரம்பினால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும்படி பெயர் தெரியாத உழைப்பாளிகள் அமைத்த சங்கிலி இது. பெரியகுளம் மட்டும் முன்னூறு ஏக்கருக்கு மேல். இந்தத் தண்ணீரில் நெல் விளைந்தது. ஊர் பெருத்தது, ஆயக்கட்டு வயல்கள் மனைகளாயின, சாக்கடை குளத்துக்குத் திரும்பியது. பிறகு பொதுப்பணித் துறையிடமிருந்து நகரின் குளங்களை மாநகராட்சி நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. அதுவரை சரி. குளம் ஊராருடையது, ஊராட்சி ஊரார் தேர்ந்தெடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கதை மாறியது அதற்குப் பிறகுதான்.

2015 ஜூன் மாதம் மத்திய சர்க்கார் 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்தை அறிவித்தது. 2016 ஜனவரியில் வெளியான முதல் இருபது நகரங்களின் பட்டியலில் கோவையும் இருந்தது. ஒரு நகரத்துக்கு ஐந்தாண்டுகளில் மத்திய சர்க்கார் 500 கோடி ரூபாய், அதற்குச் சமமாக மாநில சர்க்காரும் ஸ்தல ஸ்தாபனமும் சேர்ந்து இன்னொரு 500 கோடி. பணம் வந்தது. ஆனால் பணம் மாநகராட்சி மன்றத்தின் கைக்கு வரவில்லை. ஒவ்வொரு நகரத்திலும் கம்பெனிச் சட்டப்படி ஒரு கம்பெனி தொடங்கவேண்டும் என்பது நிபந்தனை. கோவையிலும் தொடங்கினார்கள். மாநில சர்க்காருக்குப் பாதிப் பங்கு, மாநகராட்சிக்குப் பாதிப் பங்கு. திட்டம் சம்பந்தமாக மன்றத்துக்கு உள்ள உரிமைகளையும் கடமைகளையும் அந்தக் கம்பெனிக்கே ஒப்படைத்துவிடலாம் என்று வழிகாட்டுதலிலேயே எழுதினார்கள். கம்பெனியின் தலைமை அதிகாரியை நீக்கவேண்டுமானால் டில்லி மந்திரி இலாகாவின் முன் அனுமதி வேண்டும்! நம் வார்டில் தோண்டும் குழிக்குப் பொறுப்பானவர் நம் கவுன்சிலருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எழுபத்து நான்காவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் முதல் அமலில் இருக்கிறது. நகர ஸ்தாபனங்களுக்கு உரிய பதினெட்டுப் பொறுப்புகளைப் பன்னிரண்டாவது அட்டவணை பட்டியல் போடுகிறது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஒரு கையால் அரசியல் சட்டத்தில் எழுதிக் கொடுத்ததை இன்னொரு கையால் கம்பெனி வைத்துப் பறிப்பது என்ன நியாயம்?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கம்பெனியைத் தட்டிக்கேட்க அப்போது மன்றமே இல்லை! தமிழ்நாட்டில் நகர மன்றங்களின் பதவிக் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரும் இல்லை, மேயரும் இல்லை. ஸ்பெஷல் ஆபீசரே தீர்மானம் போடுவார், அவரே நிறைவேற்றுவார். ஸ்மார்ட் சிட்டி வேலைகள் மும்முரமாக நடந்த வருஷங்கள் இவையேதான். மன்றம் பூட்டிக் கிடந்தபோது பணம் செலவாகிவிட்டது. தேர்தல் ஏன் தள்ளிப்போனது என்பதற்கு வார்டு எல்லை, இட ஒதுக்கீடு, கோர்ட் வழக்கு என்று பல காரணம் சொன்னார்கள். காரணம் எதுவானாலும் பலன் ஒன்றுதான்.

2021 நவம்பர் மழையில் சென்னை தியாகராய நகர் தண்ணீரில் மிதந்த பிறகு, மாநில சர்க்கார் விழித்துக்கொண்டது. ஸ்மார்ட் சிட்டி வேலைகளில் முறைகேடு உண்டா என்று விசாரிக்க, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதாரைக் கொண்ட ஒரு நபர் கமிஷனை 2022ல் நியமித்தது. 2023ல் அவர் அறிக்கை கொடுத்தார். ஸ்மார்ட் சிட்டி திட்டமே 2025 மார்ச்சோடு முடிந்தது. விசாரணை வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் காண்ட்ராக்டர் பில் வாங்கிக்கொண்டு போன பிறகு வரும் கமிஷன், கண் கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரம்தான்.

மன்றம் இருந்திருந்தால் என்ன கேட்டிருக்கும்? கரையை அகலப்படுத்தும் மண் எங்கிருந்து வருகிறது, குளத்தின் நீர்ப்பரப்பைத் தின்று பாதை போடுகிறீர்களா என்று கேட்டிருக்கும். மதகு அடைபடுகிறதா என்று கேட்டிருக்கும். கரையில் கல் பதிப்பதற்கு முன் குளத்தில் விழும் சாக்கடையை ஏன் நிறுத்தவில்லை என்று ஒரு கவுன்சிலராவது மேஜையைத் தட்டியிருப்பார். பாதை மினுமினுக்க, பக்கத்துத் தண்ணீரில் ஆகாயத் தாமரை மண்டிக் கிடந்தால் அங்கே காற்று வாங்கப் போவது எப்படி? வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்குப் பூட்டும் என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். அரை நைட் முடித்து வருகிறவனுக்கும் முழு நைட் முடித்து வருகிறவனுக்கும் அது சின்ன விஷயம் அல்ல. ஆபீஸ் உத்தியோகஸ்தரின் பொழுதுக்கு ஏற்றபடி நேரத்தை வகுத்தால், மில் தொழிலாளிக்கு அந்தப் பாதை பூட்டிய கதவுதான்.

குளக்கரையில் குடியிருந்தவர்கள் கதையையும் சொல்லியாக வேண்டும். குளத்தோரம் குடிசை போட்டு வாழ்வது யாருக்கும் ஆசை அல்ல. வேலைக்குப் பக்கத்தில் வாடகை கொடுக்க வழியில்லாதவர்கள்தான் அங்கே போனார்கள். துப்புரவுத் தொழிலாளி, சுமை தூக்குகிறவர், வீட்டு வேலை செய்கிற அம்மா. வாலாங்குளம், முத்தண்ணன்குளம் கரைகளிலிருந்து அவர்களை எடுத்து, ஊருக்கு வெளியே கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களில் அடுக்குமாடிகளில் வைத்தார்கள். வீடு கொடுத்தார்கள், உண்மை. வேலை எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, பஸ் சார்ஜ் எவ்வளவு என்பதையும் கணக்குப் பார்க்க வேண்டாமா? நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றக் கோர்ட் உத்தரவு இருக்கிறது என்பார்கள். ஊர்ப் பொது நிலங்களை மீட்கச் சொல்லி 2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் கொடுத்த ஜக்பால் சிங் வழக்குத் தீர்ப்பை எல்லா அதிகாரிகளும் மேற்கோள் காட்டுவார்கள். அதே தீர்ப்பில், சர்க்கார் உத்தரவின்படி நிலமற்ற தொழிலாளிகளுக்கோ தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கோ குத்தகைக்கு விட்ட இடங்களைப் போன்றவற்றுக்கு விதிவிலக்கு அளிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. அந்த வரியை மட்டும் யாரும் வாசிப்பதில்லை.

மன்றம் கூடினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. லட்சுமணபுரி நகரத்தை, அதாவது லக்னோவைப் பாருங்கள். அங்கே அமீனாபாத் பஜாரில் ஜண்டேவாலா பூங்கா என்று ஒன்று உண்டு. சுதந்திரப் போராட்டக் கூட்டங்கள் நடந்த திடல். 1993ல் அந்த மாநகராட்சியே, டெண்டர் விடாமல், ஒரு கட்டடக் கம்பெனிக்கு அதைக் கொடுத்து, பூங்காவுக்கு அடியில் கடைத்தெரு கட்டச் சொன்னது. மேலே புல், கீழே வியாபாரம்! வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1999ல், கட்டியதை இடித்துப் பூங்காவைப் பழையபடி ஆக்கு என்று தீர்ப்பு வந்தது. பொதுவெளி ஸ்தாபனத்தின் சொத்து அல்ல, ஸ்தாபனம் அதற்குக் காவல்காரன் மட்டுமே. காவல்காரனையும் யாராவது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மில் தொழிலாளிகள் பம்பாய்க் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது. 1982ல் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்த ஊர் அது. ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. நகரத்தின் நடுவே சுமார் 600 ஏக்கர் ஆலை நிலம். 1991ல் ஒரு விதி போட்டார்கள். ஆலை நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்பினால், மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளிக்காக, ஒரு பங்கு வீட்டு வசதி வாரியத்துக்கு, மீதி ஆலை முதலாளிக்கு. நல்ல விதி. 2001ல் அதைத் திருத்தினார்கள். மொத்த நிலத்தில் பங்கு இல்லை, கட்டடம் இல்லாத காலி இடத்தில் மட்டும்தான் பங்கு என்று ஆக்கினார்கள். ஆலை என்றால் நிலம் முழுக்கக் கொட்டகைதானே, காலி இடம் எங்கே இருக்கும்? ஐகோர்ட் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி, திருத்தம் செல்லும் என்றது. ஊராருக்கு வரவேண்டிய பூங்கா வெகுவாகச் சுருங்கியது. தொழிலாளி வியர்வை சிந்திய இடத்தில் மாளிகைக் கடைகளும் ஆகாயம் தொடும் வீடுகளும் எழுந்தன. ஒரு சொல்லின் திருத்தம், ஒரு துப்பாக்கிச் சூடு கூட இல்லாமல் இதைச் சாதித்தது! 2020 ஊரடங்கில் நிறுத்தப்பட்டு, பிறகு முறையாக ஓடாமலே போன தேசிய பஞ்சாலைக் கழக மில்கள் கோவையிலும் உண்டு. மில்லைத் திற என்பதே நம் முதல் கோரிக்கை. ஆனால் அந்த நிலத்தைப் பற்றி எந்த ஆபீசில் எந்தக் காகிதம் நகர்ந்தாலும் மாநகராட்சி மன்றத்தில் அது பகிரங்கமாக வைக்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கிராமத்துத் தோழர்கள் இது பட்டணத்துச் சங்கதி என்று இருந்துவிடக் கூடாது. கதிரடிக்கும் களம், மேய்ச்சல் நிலம், மாட்டு மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு, சுடுகாடு இந்தப் புறம்போக்குகளை 1994ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டம் கிராம ஊராட்சியின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. இப்போது வயல்களில் கல் நட்டு மனை போடுகிறார்களே, அதிலும் நமக்குப் பங்கு உண்டு. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டுத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதில் பணம் கட்டித் தப்ப முடியாது. எழுதிக் கொடுத்த அந்த இடம் எங்கே? ஒரு ஊராட்சியில் நான் கேட்டேன். நான்கு முறை அலைந்தேன். பத்திரம் இருக்கிறது, இடம் தெரியவில்லை என்றார்கள். கடைசியில் பார்த்தால், மனை விற்றவரே வேலி போட்டு, "குடியிருப்போர் தவிர பிறர் நுழையக் கூடாது" என்று போர்டு மாட்டியிருந்தார். பக்கத்துக் காலனிப் பிள்ளைகள் ரோட்டில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கிராமத்திலும் அதே ஸ்பெஷல் ஆபீசர் கதைதான். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆனால் தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. 2025லும் அது கூடியது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் சபைக்கு வைத்திருக்கிறார்கள். நகரங்களிலும் 2022 நவம்பர் முதல் வார்டுகளில் பகுதி சபை வந்திருக்கிறது. டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் கூட்டமாக அதை முடித்துவிடப் பார்ப்பார்கள். விடக் கூடாது.

சபையில் கேட்க வேண்டியது முதலில் பட்டியல். தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிப் பாதுகாப்புக்கு 1959லேயே சட்டம் வந்தாகிவிட்டது. ஸ்தல ஸ்தாபனம் தன் எல்லையில் உள்ள திறந்தவெளிகளுக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்கிறது அது. சர்வே நெம்பரோடு அந்தப் பட்டியலைக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், இல்லை என்பதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பாதையோ பூங்காவோ போடுகிறார்கள் என்றால் எஸ்டிமேட், டெண்டர், எம்-புக் மூன்றையும் கேளுங்கள். எம்-புக் என்பது ஓவர்சீயர் அளந்து எழுதும் அளவுப் புத்தகம். காண்ட்ராக்டருக்குப் பணம் போவது அதை வைத்துத்தான். அதில் நான்கு அங்குலம் ஜல்லி என்று எழுதியிருந்தால், கடப்பாரை பிடித்த கைக்குத் தெரியாதா நான்கு அங்குலம் இருக்கிறதா இல்லையா என்று?

காகிதம் தர மறுத்தால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டி மனுப் போடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். முப்பது நாளில் பதில் தரவேண்டும். பலருக்குத் தெரியாத ஒரு ஷரத்து அதில் உண்டு: நடக்கும் வேலையை நேரில் போய்ப் பார்வையிடவும், போட்ட சிமெண்டிலும் ஜல்லியிலும் அத்தாட்சி பெற்ற மாதிரி எடுத்துப் போகவும் சாதாரண மனிதனுக்கு உரிமை இருக்கிறது. மனுவில் அந்த இரண்டையும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சங்க ஆபீசுக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். வரும்போது இடத்தின் சர்வே நெம்பரையும், தெரிந்தால் காண்ட்ராக்டர் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வரவும்.