மழிக்கப்பட்ட தலையும் நாம் செய்யும் விக்கிரகங்களும்



ஜப்பானில் இளம் பாடகிகளை 'ஐடல்' என்று அழைக்கிறார்கள். நம் வேதாகமத்தில் விக்கிரகம் என்று வாசிக்கிறோமே, அதற்குரிய ஆங்கிலச் சொல்லே அது. விளையாட்டாக இட்ட பெயர் என்று எண்ணாதிருங்கள். பெயருக்கேற்ப அங்கே காணிக்கையும் உண்டு, பலியும் உண்டு.

2005ஆம் ஆண்டு டோக்கியோவின் அகிஹபரா பகுதியில் ஏகேபி48 என்னும் பெண்கள் குழு தொடங்கப்பட்டது. அதன் முதல் அணியில் சேர்ந்த மினாமி மினெகிஷிக்கு அப்போது வயது 13. குழுவிலுள்ளோர் காதலிக்கலாகாது என்பது கட்டுப்பாடு. 2013 ஜனவரியில், அவர் ஓர் இளைஞரின் வீட்டில் இரவு தங்கினார் என்று ஒரு வார இதழ் எழுதியது. உடனே அந்த 20 வயதுப் பெண் தன் தலையை மழித்துக்கொண்டு, காணொளியில் அழுது, ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். குழுவோ அவரைப் பயிற்சி நிலைக்குத் தாழ்த்தியது.

அவர் யாருக்குத் தீங்கிழைத்தார்? ரசிகர்கள் ஒரே இசைத்தட்டைப் பல படிகள் வாங்குவார்கள். அவளோடு கைகுலுக்கவும் அவளுக்கு வாக்களிக்கவும் உரிய சீட்டுகள் அப்போது அத்தட்டுகளோடு வந்தன. 'இவள் எனக்கே உரியவள்' என்னும் மயக்கமே அங்கே விற்பனைச் சரக்கு. அவள் ஒருவனை நேசித்தால் சரக்குக் கெட்டுப்போகும். ஆகவேதான் அந்த மன்னிப்பு.

'ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள், தலையையும் தானே மழித்தாள்' என்று சிலர் வாதிடுவர். 13 வயதுப் பிள்ளை எதை அறிந்து இசையும்? 2015இல் இத்தகைய வழக்கொன்றில், காதலித்த பெண் நிறுவனத்துக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்றது டோக்கியோ நீதிமன்றம். மறு ஆண்டே அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், காதலிக்கும் சுதந்தரம் நிறைவான வாழ்வுக்குரிய உரிமை என்று கூறி நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளியது. உலக நீதிமன்றமே கண்டுகொண்டதை நாம் காணாதிருக்கலாமா?

ஏசாயா தீர்க்கதரிசி விக்கிரகத்தைக் கண்டித்தபோது, மரத்தைக் கடிந்துகொள்ளவில்லை. செதுக்கியவனையும் அதன்முன் விழுந்தவனையுமே கடிந்துகொண்டார். மரத்துக்கே அந்த நியாயம் உண்டானால், உயிருள்ள ஒரு மகளுக்கு எவ்வளவு அதிகமாய் உண்டு!

சேத்தூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 2024 ஜனவரியில், கரூர் மாவட்டத்துச் சிறுமியர் மூவர், கொரியாவின் பிடிஎஸ் பாடகர்களைக் காணக் கப்பலேறும் எண்ணத்தோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டு, காட்பாடி இரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். அவர்களுக்கும் வயது 13தான். நமக்கும் கரூருக்கும் வெகுதூரமில்லை. அவர்கள் கையிலிருந்த கைபேசிதான் நம் பிள்ளைகளின் கையிலும் இருக்கிறது.

பிள்ளைகளை மட்டும் குற்றப்படுத்தாதிருங்கள். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் குழந்தை அழும்போது கண்கொட்டாமல் பார்ப்பவர்கள் யார்? பாடகர்குழுவில் பாடும் மகளின் குரலை ஆராதனையில் மெச்சிவிட்டு, அவள் யாரோடு பேசினாள், எவனோடு சிரித்தாள் என்று ஆலய வாசலில் விசாரிப்பவர்கள் யார்? பாடுகிறவள் நமக்கு உடைமை என்ற நினைவே இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. அகிஹபராவில் அதற்குச் சீட்டு விற்கிறார்கள். நம்மிடத்தில் அது இலவசம்.

மினெகிஷி அதன்பின் எட்டு ஆண்டுகள் அதே குழுவில் ஆடிப் பாடி, 2021இல் விடைபெற்றார். மழித்த தலையில் முடி வளர்ந்துவிட்டது. அவரை மழிக்கத் தூண்டிய கூட்டம் இன்னும் கலையவில்லை.

பிரியமானவர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை பாடி முடித்ததும், 'நன்றாகப் பாடினாய், அம்மா' என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.