கணக்கைக் காட்டச் சொல்வோம்!

காப்புறுதிக்குப் பணம் கட்டும் பாட்டாளித் தோழர்களே, "ஏன் இவ்வளவு?" என்று நாம் கேட்பதுண்டா? "கம்பெனி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம்.

1930-களில் அங்கே ஓர் அரசு நிறுவனம் நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்புச் சாயம் பூசியது. அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று அர்த்தம். காப்புறுதி நிறுவனங்களும் அத்தகைய பகுதிகளை ஒதுக்கின. காப்புறுதி இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லாவிட்டால் வீடு வாங்க முடியாது, பழுதுபார்க்கவும் முடியாது. தெருவே பாழாகும். அப்புறம், "பார்த்தீங்களா, ஆபத்தான இடம்னு சொன்னோமே!" என்பார்கள்.

1975-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. எந்தப் பகுதிக்கு எவ்வளவு வீட்டுக் கடன் கொடுத்தோம் என்று வங்கிகள் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். 1989-ல் செய்த திருத்தத்தால், கடன் கேட்டவரின் இனமும் வருமானமும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. ஓரவஞ்சனை எண்களில் அகப்பட்டது.

காப்புறுதி நிறுவனங்களோ தப்பித்துக்கொண்டன. அவற்றையும் கணக்குக் காட்டச் சொன்ன மசோதா 1994-ல் கீழ்சபையில் நிறைவேறியும் மேல்சபையில் கரையேறவில்லை. மில்வாக்கி நகர மக்கள் வழக்காடித்தான் நியாயம் பெற்றார்கள். கறுப்பின மக்களின் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. 1995-ல் ஒரு பெரிய நிறுவனம் 1 கோடியே 45 லட்சம் டாலர் தர இணங்கியது.

"சில இடங்களில் இழப்பு அதிகம், அதனால் விலையும் அதிகம்" என்பது நிறுவனங்களின் வாதம். உண்மையாகவே இருக்கலாம். உண்மையென்றால் கணக்கைக் காட்ட என்ன பயம்?

அது அமெரிக்காக்காரன் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. மலேசியாவில் 1.7.2017 முதல் வாகனங்களின் முழுக் காப்புறுதிக்கு நிறுவனங்களே விலை வைக்கின்றன. வாகனம் எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்பதையும் அவை கணக்கில் எடுக்கலாம். தோட்டத்து முகவரிக்கு ஒரு விலை, பட்டணத்து முகவரிக்கு ஒரு விலை என்று வந்தால், அது இழப்பைப் பார்த்து வைத்ததா, ஆளைப் பார்த்து வைத்ததா? எண்கள் இல்லாமல் எப்படித் தெரியும்?

எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேரை மறுத்தார்கள், என்ன விலை, எவ்வளவு இழப்பீடு: இவற்றை வட்டாரவாரியாக வெளியிடும்படி பேங்க் நெகாரா கட்டளையிட வேண்டும். நம் சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்க வேண்டும்.

நாமும் சும்மா இருக்கலாகாது. இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கட்டுவது நம் காசு, கேட்பது நம் உரிமை!