சத்தம் கேக்குது... பேசுறதுதான் விளங்கல!

ஹோம் தியேட்டர் வாங்கிய வீடுகளில் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. பெட்டி வந்த அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உட்பட அத்தனை பேரும் ஹாலில். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறக்கிறது. கண்ணாடி உடைந்து முதுகுக்குப் பின்னால் சிதறுகிறது. வூஃபர் அடிக்கிற அடியில் ஷோகேஸ் கதவு கிடுகிடுக்கிறது. பத்து நாள் கழித்துப் போய்ப் பாருங்கள்... அதே ஹாலில் ஒருவர் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார். சண்டை வந்தால் குறைக்க வேண்டும், பேச ஆரம்பித்தால் கூட்ட வேண்டும். படம் முடிவதற்குள் கட்டைவிரல் வலித்துவிடும்.

"அப்பத்தா, கேக்குதா? இன்னும் கூட்டவா?"

"கூட்டாதடா. சத்தம் நல்லாத்தான் கேக்குது. பேசுறதுதான் ஒண்ணும் வெளங்கல."

முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று கொட்டி வாங்கிய பொருள். வீட்டுப் பெரியவர்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "நீங்க பாருங்கப்பா" என்று திண்ணைக்கு எழுந்து போய்விடுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து பார்க்கத்தானே வாங்கியது?

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகிற சாலையில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது தேவதானப்பட்டி. மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் மூடிய கதவுக்கே பூஜை நடக்கும் ஊர். மாங்காய் சீசனில் நாலு காசு புழங்கும்போதோ, தீபாவளிக்கோ, வெளிநாட்டுப் பிள்ளை லீவில் வரும்போதோ இந்தப் பக்கத்து வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் வருகிறது. கடையில் கேட்டபோது இருந்த தெளிவு வீட்டுக்கு வந்ததும் எங்கே போனது என்பதுதான் கேள்வி.

நல்ல சத்தத்துக்கு ஆசைப்படுவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 1978-ல் 'பிரியா' படத்துக்கு ஸ்டீரியோவில் பாட்டுப் போட்ட இளையராஜா, இதே தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர். பாட்டை அப்படிக் கேட்க வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் வேண்டுமே? ஊருக்கு ஊர் ரேடியோ கடைகளில் 4440 ஐ.சி. போட்டு ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்து கொடுத்தார்கள். மரப் பெட்டி அடிக்கக் காசில்லாதவர்கள் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தார்கள். அதிலும் 'திம் திம்' என்று பாஸ் வரத்தான் செய்தது. ரிப்பேர் என்றால் அதே கடைக்காரர் சால்ட்ரிங் அயர்னைச் சூடாக்கி, டீ குடித்து முடிப்பதற்குள் சரிசெய்து கையில் கொடுத்துவிடுவார்.

இன்றைய ரிசீவர் வேறு ஜாதி. 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' டால்பி டிஜிட்டலிலும், அடுத்த ஆண்டு 'ஜுராசிக் பார்க்' டி.டி.எஸ்ஸிலும் வந்தன. அதற்குப் பிறகு சினிமா சத்தத்தைத் தனித்தனிப் பாதைகளாகப் பிரித்துப் பதிவது வழக்கமானது. போஸ்டரில் 'டி.டி.எஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்த காலம் நம் ஊரிலும் உண்டு. அந்தப் பாதைகளைப் பிரித்தெடுத்து, எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று அனுப்புவதுதான் ரிசீவரின் வேலை. 5.1 என்றால் முன்னால் இடம், வலம், நடு, பக்கவாட்டில் அல்லது பின்னால் இரண்டு, அந்த '.1' என்பது வூஃபர்.

இதில் நடு ஸ்பீக்கர், அதாவது 'சென்டர்', முக்கியமானது. படத்தில் பேசப்படும் வசனத்தில் பெரும்பகுதி அது ஒன்றில்தான் வருகிறது. ஆனால் நம் வீடுகளில் அதிக அவமானப்படுவதும் அதுதான். டி.வி.யைச் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டிவிடுகிறோம். சென்டர் ஸ்பீக்கரை ஷோகேஸின் அடித்தட்டில், கொலு பொம்மைக்கும் போட்டோவுக்கும் பின்னால் தள்ளி, கண்ணாடிக் கதவையும் சாத்திவிடுகிறோம். அது முழங்காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறது. பிறகு வசனம் எப்படிக் காதுக்கு வரும்? தட்டின் விளிம்புக்கு அதை இழுத்து வைத்து, முன்பக்கத்துக்குக் கீழே ஒரு சின்ன ரப்பர் துண்டைக் கொடுத்து, உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்கும்படி லேசாகத் தூக்கிவிட்டால் பாதிப் புகார் அங்கேயே குறையும். செலவு பூஜ்யம்.

அடுத்தது வீடு. வெளிநாட்டு விளம்பரப் படங்களில் வரும் அறையில் கனத்த கார்ப்பெட், மெத்தை சோபா, திரைச்சீலை. நம் ஹாலில் வழுவழு டைல்ஸ், வெறும் சிமென்ட் சுவர், மேலே கான்கிரீட் கூரை. நடு ஹாலில் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். 'டங்' என்று திரும்பி வருகிறதா? வசனமும் அப்படித்தான் சுவரில் மோதி, தன் வாலையே தான் மிதித்துக்கொண்டு வருகிறது. டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவில் கனமான ஜமக்காளத்தை விரித்து, ஜன்னலுக்குத் துணித் திரை போட்டால் தெளிவு கூடும். இதற்கென்று விலை கொடுத்துப் பஞ்சுப் பலகை வாங்கி ஒட்ட வேண்டியதில்லை. பரணில் சும்மா கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாலே வித்தியாசம் தெரியும். அழகு கெடுகிறது என்று வீட்டம்மா சொன்னால், அதிலும் நியாயம் இருக்கிறது!

மூன்றாவது, காது. வயது ஏற ஏற முதலில் மங்குவது கீச்சென்ற மேல் சத்தங்கள்தான். அடித் தொண்டைச் சத்தமும் மேளமும் வூஃபரும் நன்றாகவே கேட்கும். பட்டம், சட்டம், கட்டம்... இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவது முதலில் வரும் மெய்யொலி மட்டுமே. அது ஒரு நொடியில் சின்னப் பங்குகூட இல்லாத மெல்லிய சத்தம். அது நழுவினால் 'ஏதோ ஒரு ட்டம்' என்றுதான் கேட்கும். அதனால்தான் அப்பத்தாக்கள் "சத்தம் கேக்குது, விளங்கல" என்கிறார்கள். அது பிடிவாதம் இல்லை, உள்ளபடியே சொல்வது. மொத்த வால்யூமைக் கூட்டினால் வசனத்தோடு மேளமும் கூடுகிறது. மெல்லிய சத்தத்தை அந்த மேளமே மூடிவிடுகிறது.

வசனத்தை மட்டும் தனியாகக் கூட்ட ரிசீவரால் முடியும். வாங்கியவர்கள் பலர் இதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. மெனுவில் 'ஸ்பீக்கர் லெவல்' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் 'சென்டர்' என்பதை மட்டும் 3 டெசிபல் ஏற்றுங்கள். போதாவிட்டால் இன்னும் ஒன்று, இரண்டு. சில மாடல்களில் 'டயலாக் லெவல்' என்று நேரடியாகவே இருக்கும். கூடவே 'நைட் மோடு' அல்லது 'டி.ஆர்.சி.' என்று ஒன்று. அதைப் போட்டால் வெடிச்சத்தம் தணிந்து, முணுமுணுப்பு உயர்ந்து, இரண்டும் பக்கத்தில் வரும். சினிமாவின் அசல் அதிர்வு குறைந்துவிடும் என்று சத்தப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அவர்கள் தனியாகப் பார்க்கும்போது அணைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் பெரியவருக்கு விளங்கவில்லை, போனில் பேசினாலும் "என்ன, என்ன" என்கிறார் என்றால் விஷயம் டி.வி.யில் இல்லை. பெரியகுளம் அரசு மருத்துவமனைக்கோ, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஒருமுறை கூட்டிப்போய்க் காதைப் பரிசோதித்துவிடுவது நல்லது. சில நேரம் வெறும் அழுக்கு அடைப்பாகவும் இருக்கும்.

"எங்கள் வீட்டில் சென்டரில் சத்தமே வரவில்லையே" என்பவர்களுக்கு இரண்டு இடங்களில் சந்தேகம் இருக்கிறது. ஒன்று, டி.வி.யின் செட்டிங். எச்.டி.எம்.ஐ. வயரை டி.வி.யில் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருக வேண்டும். டி.வி.யில் ஆடியோ அவுட்புட் 'பி.சி.எம்.' என்று இருந்தால் பல டி.வி.க்கள் இரண்டு சேனலை மட்டுமே அனுப்பும். அதை 'ஆட்டோ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்ற வேண்டும். போனிலிருந்து புளூடூத்தில் அனுப்பினாலும் வருவது இரண்டு சேனல்தான். இரண்டாவது சந்தேகம், 'ஆல் சேனல் ஸ்டீரியோ' என்கிற மோடு. எல்லா ஸ்பீக்கரும் ஒன்றாகப் பாடுவதால் காசுக்குப் பலன் கிடைத்த மாதிரி தோன்றும், பாட்டுக்கும் விசேஷத்துக்கும் சரிதான். ஆனால் அதே மோடில் சீரியல் பார்த்தால், மாமியார் முன்னாலும் பேசுவார், முதுகுக்குப் பின்னாலும் பேசுவார்! இரண்டு சேனலில் மட்டும் வரும் கேபிள் நிகழ்ச்சிகளுக்கு 'டால்பி சரவுண்ட்' அல்லது 'புரோ லாஜிக்' மோடு போட்டால், குரலை நடுவுக்கு இழுத்துக்கொண்டு வரும்.

வாட்ஸ் கணக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அட்டைப்பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் 'பி.எம்.பி.ஓ.' எண் கண்ணுக்கு மட்டும்தான். பெட்டியின் பின்பக்கம் அது எத்தனை வாட்ஸ் கரண்ட் இழுக்கும் என்று எழுதியிருக்கும்; இழுப்பதைவிட அதிகமாக அதனால் எப்படிக் கொடுக்க முடியும்? காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதனால் 80-க்கும் 100-க்கும் நடுவில் வித்தியாசம் தேடி ஆயிரங்களைச் செலவழிக்க வேண்டியதில்லை. சின்ன ஹாலுக்கு இன்னொரு வழியும் உண்டு. முன்னால் மூன்று ஸ்பீக்கரை நல்லதாக வாங்கிவிட்டு, பின்னால் உள்ள இரண்டை அடுத்த சீசனுக்குத் தள்ளிப்போடலாம். மட்டமான ஐந்தைவிட நல்ல மூன்று மேல்.

காதுகுத்து, சடங்கு என்று வரும்போது மொட்டைமாடியில் பாட்டு கேட்கட்டும் என்று, இருக்கிற ஸ்பீக்கரோடு இன்னொன்றையும் சேர்த்து ஒரே முனையில் கட்டுவது இன்னொரு வழக்கம். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் இரண்டை அப்படிச் சேர்த்தால் 4 ஓம்ஸ் ஆகிவிடும். அதைத் தாங்காத ரிசீவர் கொதித்து, 'புரொடெக்ட்' என்று காட்டிவிட்டு அணைந்துபோகும். அப்போது திரும்பத் திரும்ப ஆன் செய்து அதோடு மல்லுக்கட்டக் கூடாது.

பெட்டியே போய்விடுகிற ஆபத்து மேலேயிருந்து வருகிறது. மலையடிவாரம். கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் முன்னால் இடி வந்துவிடும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. மின்னல் மின்சார வயரில் மட்டும் வருவதில்லை. கேபிள் டி.வி. வயரிலும் டிஷ் வயரிலும் இறங்கி, செட்டாப் பாக்ஸ் வழியாக எச்.டி.எம்.ஐ. வயருக்குள் புகுந்து ரிசீவர் போர்டைச் சுட்டுவிடும். தூரத்தில் உறுமல் கேட்டவுடன் பிளக்கையும் பிடுங்க வேண்டும், கேபிள் வயரையும் கழற்ற வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொடவே கூடாது. அந்தக் காலத்து 4440 போனால் ஒரு ஐ.சி. மாற்றினால் முடிந்தது. இப்போது போர்டையே மாற்ற வேண்டும். ஏழெட்டுக் கிலோ பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மதுரை வரை போக வேண்டியிருக்கும். வாங்கும்போதே சர்வீஸ் எந்த ஊரில், வாரன்டியில் வீட்டுக்கு வருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்கவுன்ட்டைவிட அது பெரிது.

அமெரிக்காவிலிருந்து பிள்ளை கொண்டுவந்தது என்றால், பின்பக்கத்தில் 120 வோல்ட் என்று இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் வீட்டு 230 வோல்ட்டில் அதை நேரடியாகச் செருகினால் அன்றோடு சரி. தகுந்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ரிசீவர் தலையில் பூ வேலைத் துணி போடுவது, செட்டாப் பாக்ஸை உட்காரவைப்பது இரண்டும் ஆகாது. அது மேல்பக்கமாகத்தான் மூச்சு விடுகிறது.

இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு 45 டெசிபல். பேச்சுச் சத்தத்தைச் சுவர் தடுக்கும், வூஃபரைத் தடுக்காது. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் நமக்கு 'திம்' என்றால் பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கும் 'திம்'. மூலையில் ஒடுக்கி வைத்திருக்கும் வூஃபரை ஒரு முழம் வெளியே நகர்த்தினால் அந்த முழக்கம் கொஞ்சம் தணியும், வசனமும் மேலே வரும்.

பெட்டிக்குள் சின்னதாக ஒரு மைக் கொடுத்திருப்பார்கள். பலர் வீட்டில் அது பிளாஸ்டிக் கவரைவிட்டு வெளியே வந்திருக்காது. ஃபேனை அணைத்துவிட்டு, நாய், குக்கர் எல்லாம் அடங்கிய நேரமாகப் பார்த்து, அப்பத்தா உட்காரும் நாற்காலியில் காது உயரத்துக்கு அந்த மைக்கை வையுங்கள். கையில் பிடிக்கக் கூடாது. ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஸ்' என்று சத்தம் எழுப்பி, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஐந்து, பத்து நிமிட வேலை. சென்டரை ஏற்றுவதெல்லாம் இதற்குப் பிறகுதான், இல்லாவிட்டால் மைக் அதை அழித்துவிடும். முடிந்ததும் மைக்கைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்து, சோபா இடம் மாறினால் மறுபடியும் வேண்டியிருக்கும்.