ஏரிக்கரையில் எட்டு வாரம்

இந்தக் கோடையில் அடுப்படிக்கு அடுத்தபடியாக நான் அதிகம் நின்ற இடம் எது தெரியுமா? சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரைதான்!

பங்குனியில் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "தினமும் கொஞ்சம் நடக்க வையுங்கள்" என்றார் டாக்டர். அத்தையோ பயத்தில் வாக்கரைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். ஆனால் படுத்தபடியே, "ஏரியில தண்ணி எவ்வளவு கெடக்குது கண்ணு?" என்று ஓயாத கேள்வி. விழும்வரை நாள்தோறும் அந்தக் கரையில் நடந்தவர் அல்லவா?

ஒரு தந்திரம் செய்தேன். ஞாயிறுதோறும் ஏரியைப் படம் பிடித்து வருவேன். ஆனால் ஹாலுக்கு வந்தால்தான் காட்டுவேன். முதல் வாரம் முணுமுணுத்துக்கொண்டே பத்தடி நடந்தார்.

படம் எடுப்பதில் நான் கற்றது கொஞ்சம்தான். எப்போதும் ஒரே புங்கமரத்தடி, ஒரே நேரம். காலை ஆறேகால் என்றால் சேர்வராயன் மலை தெளிவாக விழுகிறது. எட்டு மணிக்கு எல்லாம் வெளுத்துவிடும், அக்னி நட்சத்திரத்தில் நமக்கும் தலை சுற்றும். எடுப்பதற்கு முன் செல்போன் கண்ணாடியை முந்தானையால் ஒரு துடை துடையுங்கள். சமையல் கை பட்ட பிசுக்கு இருக்குமே! ஒன்று சொல்லிவிடுகிறேன். அடிக்கு ஒரு படமென்று நின்றால் அது நடையே ஆகாது. போகும்போது விறுவிறுவென்று நடை, திரும்பும்போதுதான் படம்.

இந்த ஏரி ஒரு காலத்தில் பாழாய்க் கிடந்தது. 2010-இல் சேலம் மக்கள் குழுவினர் தூர்வாரி, அள்ளிய மண்ணையே நடுவில் திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று கொக்கும் நீர்க்காகமும் அங்கேதான் குடித்தனம்.

சித்திரையில் வேப்பம்பூ, வழியெல்லாம் சரக்கொன்றை மஞ்சள். வைகாசியில் நுங்குக் குலை. படங்களை வரிசையாகப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது: கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே காய்ந்த சேறு வாராவாரம் அகலமாகிக்கொண்டே போயிருந்தது. தினம் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

ஆறாவது வாரம் அத்தை படத்தை உற்றுப் பார்த்தார். "ஏன் கண்ணு, நல்ல பக்கமாவே புடிச்சுட்டு வர்றியே? கரையோரம் குப்பை கெடக்குமே, அதெங்கே?"

எனக்குச் சுருக்கென்றது. பிளாஸ்டிக் பைகள் தெரியாதபடி செல்போனைச் சற்று உயர்த்தித்தான் அதுவரை பிடித்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு தாழ்த்திப் பிடித்தேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பையாக எண்ணினார். பதினேழு. "வர்ற வாரம் ஒரு சாக்கு எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார்.