இறந்தார் என்று பதிவாகிறது, எதனால் என்று?

2025 ஜனவரி நடுவில் நெய்யாற்றின்கரை வட்டத்தின் இரண்டு மரணங்கள் கேரளம் முழுவதும் பேசுபொருளாயின. ஒன்று, தந்தை சமாதியடைந்துவிட்டார் என்று சுவரொட்டி ஒட்டி, அவரை அமர்ந்த நிலையில் கல்லறைக்குள் வைத்து மூடிய குடும்பத்தின் விவகாரம். ஊரார் புகார் கொடுத்தனர். கல்லறையைத் திறக்கக் கூடாதென்று குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தை நாடினர். இறப்புச் சான்றிதழ் எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. ஜனவரி 16 அன்று கல்லறை திறக்கப்பட்டு, உடல் பிரேதப் பரிசோதனைக்குச் சென்றது.

மற்றொன்று பாறசாலை இளைஞரின் கொலை வழக்கு. 2022 அக்டோபர் 14 அன்று, எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு ராமவர்மன்சிறையில் ஒரு வீட்டில் அவர் கஷாயம் குடித்தார். 25ஆம் தேதி திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தார். கஷாயத்தில் கலக்கப்பட்டது பாராகுவாட் என்னும் களைக்கொல்லி என்ற முடிவுக்கு வந்து, நெய்யாற்றின்கரை நீதிமன்றம் 2025 ஜனவரி 17 அன்று குற்றத்தை உறுதிசெய்தது.

ஊடகங்கள் முன்னதைப் பக்திக் கதையாகவும் பின்னதைக் காதல் கதையாகவும் விற்றன. இரண்டிலும் அரசு கேட்டதோ ஒரே கேள்விதான்: இவர் எதனால் இறந்தார்? அதைக் கேட்க அதற்குக் கொலை குறித்த ஐயம் தேவைப்பட்டது என்பதே இங்கே கண்டிக்க வேண்டியது. காரோடு, குன்னத்துக்கால், வெள்ளறடை போன்ற எல்லைக் கிராமங்களில் வீட்டுக் கட்டிலில் முடியும் சாதாரண மரணத்துக்கு அக்கேள்வி கிடைப்பதில்லை. 'வயதாகிவிட்டது', 'மாரடைப்பு' என்ற இரண்டு சொற்களில் ஒன்று போதும். பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை முடிந்துவிடும்.

கேரளம் தன் இறப்புப் பதிவைப் பெருமையோடு காட்டும். அப்பெருமையில் பாதி நியாயமானது. இறந்தவர் அநேகமாக எல்லோரும் பதிவாகிறார்கள். ஆனால் எத்தனை பேருக்கு மருத்துவர் காரணம் எழுதினார் என்று கேட்டால் பேச்சு மாறுகிறது. 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் 22.5 விழுக்காட்டுக்கே மருத்துவச் சான்றளித்த காரணம் இருந்தது. கேரளத்தின் பங்கு அந்தச் சராசரிக்கும் கீழே. எழுத்தறிவில் முதலிடம் என்று மேடைதோறும் முழங்கும் மாநிலம் இது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டபின், மருத்துவமனையில் நேரும் ஒவ்வோர் இறப்புக்கும் காரணச் சான்றைக் கட்டணமின்றித் தர வேண்டும். வீட்டில் இறப்பவருக்கோ, கடைசி நோயில் அவரைப் பார்த்த மருத்துவர் ஒருவர் இருந்தால்தான் அந்தக் கடமை எழுகிறது. இல்லையென்றால் வீட்டுத் தலைவர் சொல்வதே காரணம். படிவத்தில் நோயின் பெயருக்கு ஓர் இடம் உண்டு. இறந்தவர் புகைத்தாரா, புகையிலை மென்றாரா, எத்தனை ஆண்டுகள் என்றுகூட அது கேட்கிறது. நல்ல கேள்விகள்தாம். சாவு வீட்டிலிருந்து அவசரமாக வந்து நிற்கும் மருமகனிடம் அவை கேட்கப்படுகின்றன.

இதற்கு மாற்று கண்டுபிடிக்கப்பட்டு வெகு காலமாயிற்று. துக்கம் சற்று ஆறியபின், பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்குச் சென்று, கடைசி நாட்களின் அறிகுறிகளைக் கேட்டு, உறவினர் சொல்வதை உள்ளூர் மொழியிலேயே எழுதிக்கொள்வார். இரண்டு மருத்துவர்கள் அதைத் தனித்தனியே படித்துக் காரணத்தைத் தீர்மானிப்பார்கள். வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று இதற்குப் பெயர். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தோடு நடந்த 'பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு' இம்முறையில்தான், 2005இல் பாம்புக்கடியால் சுமார் 46,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டது. மருத்துவமனைக் கணக்கு காட்டியதைப்போல் அது முப்பது மடங்குக்கும் மேல். அந்த மரணங்களில் பெரும்பாலானவை மருத்துவமனைக்கு வெளியே நேர்ந்தவை. வெளியே இறந்தவர் கணக்கிலும் வெளியேதான் நின்றார்.

துக்க வீட்டில் விசாரணையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். உயிரோடிருப்பவரின் சொத்து, சாதி, வருமானம் அனைத்தையும் வீடு வீடாகக் கேட்கும் அரசுக்கு இந்த ஓரிடத்தில் மட்டும் நாணம் வருவது விந்தை. தாய்க்கு வந்தது இன்னதென்று தெரிந்தால், மகள் நாளையே இரத்த அழுத்தத்தைச் சோதித்துக்கொள்வாள்.

உண்மையான இடர்ப்பாடு வேறு. அது மொழி. எல்லை ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் புழங்குகின்றன. தமிழில் 'வலி' என்றால் நோவு. மலையாளத்தில் 'வலிவு' என்றால் மூச்சிரைப்பு. தமிழ் 'வலிப்பு' கைகால் வெட்டி இழுப்பது. தமிழ் 'இழுப்பு' இரண்டையும் குறிக்கும். 'சன்னி' என்று தமிழர் சொன்னால் காய்ச்சலில் பிதற்றுவது. மலையாளி சொன்னால் வலிப்பு. பாட்டிக்குக் கடைசியில் 'வலி' இருந்தது என்று பேரன் சொல்வதை எழுதிக்கொள்பவர் எம்மொழியில் கேட்டார் என்பதைப் பொறுத்து, இறந்தவர் இதய நோயாளியாகவோ ஆஸ்துமா நோயாளியாகவோ ஆகிவிடுவார். திருவனந்தபுரத்து அலுவலகத்தில் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வினாத்தாள் இதைப் பிடிக்காது.

எல்லைக்கோடு தன் பங்குக்கும் குழப்புகிறது. இறப்பு நேர்ந்த இடத்தில்தான் பதிவு. பாறசாலைக்காரர் மார்த்தாண்டத்தில் இறந்தால் தமிழ்நாட்டில் பதிவாகிறார். விளவங்கோட்டுக்காரர் திருவனந்தபுரத்தில் இறந்தால் கேரளத்தில். 1956இல் வட்டங்களைப் பிரித்தவர்கள் நோயாளிகள் எந்தப் பேருந்தில் ஏறுவார்கள் என்று யோசித்திருக்க மாட்டார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் யோசிக்காதிருப்பதற்குச் சாக்கு இல்லை.

கேட்பது பெரிதன்று. இதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் வர்க்கலையில் 2002 முதல் 2007 வரை சுமார் 1.6 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து, இறந்தவர்களுக்கு வாய்மொழி விசாரணையால் காரணம் கண்டிருக்கிறார்கள். பாறசாலையும் அதே ரயில் பாதையில்தான் இருக்கிறது. வீட்டில் நேரும் ஒவ்வோர் இறப்புக்கும் அவ்விசாரணை நடக்கட்டும். குமரி மாவட்டப் பதிவாளரும் திருவனந்தபுரம் மாவட்டப் பதிவாளரும் ஒருவர் ஊராரின் மரணங்களை மற்றவருக்கு மாதந்தோறும் அனுப்பட்டும். வினாத்தாளை அச்சிடுமுன், களியக்காவிளைக்கு இருபுறமும் உள்ள கிழவிகளிடம் வலியும் வலிவும் எதுவென்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.