அடுத்தவன் காணியை எழுதிக்கொடுத்தவர்கள்

போன பனிக்காலத்தில் மொன்றியலின் கோத்-தெ-நேஜ் பகுதியில், நண்பர் ஒருவரின் வீட்டில், தேநீரோடு தொடங்கிய பேச்சு சண்டையில் முடிந்தது. “பண்டாரநாயக்கா வேறென்ன செய்திருக்கலாம்? ஒப்பந்தத்தைக் கைவிட்டிராவிட்டால் அன்றைக்கே இரத்தக்களரி நடந்திருக்கும்” என்றார் ஒருவர். அவரும் தமிழர்தான், நிறையப் படித்தவர். நான் கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் வந்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

பண்டா - செல்வா ஒப்பந்தம் 1957 யூலை 26இல் கைச்சாத்தானது. செல்வநாயகம் சமஷ்டிக்குக் குறைந்த பிராந்திய சபைகளுக்கு இணங்கினார். ஓகஸ்ட் 20இல் தொடங்கவிருந்த சத்தியாக்கிரகத்தைக் கைவிட்டார். ஒக்ரோபரில் ஜே.ஆர். ஜெயவர்த்தனா ஒப்பந்தத்துக்கு எதிராகக் கண்டிக்கு நடக்கத் தொடங்கி, இம்புல்கொடையில் மறிக்கப்பட்டார். 1958 ஏப்ரல் 9இல் பிக்குகள் றொஸ்மீட் பிளேசில் பிரதமரின் வீட்டு முற்றத்தில் வந்து குந்தினார்கள். ஒப்பந்தத்தைக் கைவிட்டதாக எழுத்தில் தரும்படி கேட்டார்கள். எழுதிக்கொடுத்தார்.

வாங்கிய சமாதானம் எத்தனை நாள் நீடித்தது? மே 22இல் பொலநறுவையில் வன்முறை தொடங்கிவிட்டது. அவசரகாலச் சட்டம் வந்ததோ 27ஆம் திகதி. இரத்தக்களரியைத் தவிர்ப்பதற்காகப் பணிந்தார் என்ற வாதத்தின் ஆயுள் ஆறு கிழமை. அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் அவரைச் சுட்டவனும் காவியுடுத்த ஒருவன்தான்.

விட்டுக்கொடுப்பதெல்லாம் கோழைத்தனம் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது செல்வநாயகமும்தான் விட்டுக்கொடுத்தார். ஆனால் அவர் தன் சொந்தக் கட்சியின் கோரிக்கையைக் குறைத்தார். அதற்காகத் தன் ஆட்களிடமே ஏச்சு வாங்கினார். பண்டாரநாயக்கா எழுதிக்கொடுத்தது அவருடைய சொத்தல்ல. முற்றத்தில் இருந்தவர்களின் கோபத்தைத் தணிக்க, அங்கே இல்லாதவர்களின் பங்கை எடுத்துக் கொடுத்தார். முன்னது சமரசம். பின்னது, அடுத்தவன் காணியை எழுதிக்கொடுத்துத் தன் வீட்டுக்கு வேலி போடுவது.

இது எங்கள் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. 1938 செப்ரெம்பர் இறுதியில் மியூனிச்சில் செக்கோஸ்லாவாக்கியாவின் எல்லைப் பிரதேசத்தை ஹிட்லருக்குக் கொடுத்தபோது, அந்த நாட்டின் பிரதிநிதிகளுக்குப் பேச்சு மேசையில் இடமில்லை. கனடியப் பிரதமர் மக்கென்சி கிங் அதற்கு முந்திய ஆண்டு பேர்லினில் ஹிட்லரைச் சந்தித்து, இவர் போரை விரும்பாதவர் என்று நம்பித் திரும்பியவர். மியூனிச் உடன்பாட்டையும் வரவேற்றார்.

“பிரிட்டனுக்கு ஆயுதம் சேர்க்கக் காலம் கிடைத்ததே” என்பார்கள். கிடைத்தது, உண்மைதான். ஆனால் ஹிட்லருக்கும் அதே காலம் கிடைத்தது; 1939 மார்ச்சில் பிராக் நகரோடு ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலையும் அவர் வசமானது. அந்தக் காலத்துக்கு விலை கொடுத்தவர்கள் லண்டனில் இருக்கவில்லை. அதே ஆண்டு யூனில், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களோடு செயின்ற் லூயி கப்பல் அத்திலாந்திக்கில் அலைந்தபோது, இன்று எங்களுக்கு இடம் தந்திருக்கும் இதே நாடு கதவைத் திறக்கவில்லை. பணிந்து வாங்கிய சமாதானம் அகதிகளை உண்டாக்கியது. அந்த அகதிகளுக்கு இடம் கொடுக்கவும் மறுத்தது.

இதுவரை எழுதியதற்கு எங்கள் வாசகர்கள் தலையாட்டுவார்கள். இனி எழுதப்போவதற்கு ஆட்டமாட்டார்கள்.

1986 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத் தொடக்கத்திலும் புலிகள் ரெலோ இயக்கத்தினரை யாழ்ப்பாணத்துத் தெருக்களில் கொன்றார்கள். நாம் கதவைச் சாத்திக்கொண்டோம். நானும் சாத்தினேன். ‘இப்போது வாய்திறந்தால் போராட்டம் பலவீனப்படும்’ என்பது நாம் எமக்கே சொல்லிக்கொண்ட நியாயம். 1990 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. அப்போதும் நியாயம் அதேதான். துப்பாக்கி வைத்திருந்தவர்களோடு நாம் சமாதானமாக இருந்தோம். அதற்கான விலையைச் சோனகத்தெரு கொடுத்தது. எம்மிடம் ஆயுதம் இருக்கவில்லை, உயிர்ப்பயம் இருந்தது என்பது உண்மை. பிரதமருக்குப் பொலிசும் இராணுவமும் இருந்தன, எமக்கு இருக்கவில்லை. ஆகவே இரண்டு குற்றங்களும் ஒரே எடையல்ல. ஆனால் பயத்தைப் பயம் என்று சொல்லாமல் ‘அரசியல் விவேகம்’ என்று பெயர் சூட்டினோமே, அதற்கு யாரும் எம்மை வற்புறுத்தவில்லை. இங்கே, மொன்றியலில், கதவைத் தட்ட யாருமில்லாத அறைகளில் இருந்தும் பல ஆண்டுகள் அதையே சொன்னோம்.

2009 மே மாதத்தோடு போர் முடிந்தது. இன்னும் அந்தப் பெயரை நாம் மாற்றவில்லை.

நண்பரின் வீட்டுக்குத் திரும்பவும் போவேன். இந்தமுறை கோபித்துக்கொண்டு எழும்பமாட்டேன். ஒன்று மட்டும் கேட்பேன்: பண்டாரநாயக்கா விட்டுக்கொடுத்தது யாருடையது? அவர் பதில் சொன்னபின், அதே கேள்வியை அவர் என்னிடம் கேட்கட்டும்.